பந்தைப் பார்க்காதவன்

பந்தாட்டத்துக்குப் போய்ப் பந்தைப் பார்க்காமல் நிற்கிற மனிதன் ஒருவனைத்தான் என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன். பெயர் எழுதப் போவதில்லை. எழுதினால் மொன்றியலில் பாதிப் பேர், "ஓம் ஓம், அவர் தங்கமான மனிசன்" என்று தொடங்கிவிடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு அவன்மேல் பொறாமை. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை மறைத்து எழுதுவதென்றால் எழுதவே தேவையில்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கனடாவில் வந்து இறங்கியபோது கையில் ஒரு பை, வாயில் இரண்டு ஆங்கிலச் சொல், பிரெஞ்சு சுத்தப் பூச்சியம். இன்று மொன்றியலின் மேற்கே பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு, வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி, பக்கவாட்டில் என் பெயர் பெரிதாக எழுதிய லொறிகள். மொன்றியல் வீடுகளின் வெளியே வளைந்து தொங்குகிற இரும்புப் படிக்கட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் நான் பியானோ இறக்கியிருக்கிறேன், அடுப்பு ஏற்றியிருக்கிறேன். ஒரு முறை ஒரு கிழவியின் அலமாரியை, உள்ளே அவளுடைய பூனை படுத்திருப்பது தெரியாமல் பூனையோடு சேர்த்து இறக்கினேன். பூனைக்கும் கீறல் இல்லை, அலமாரிக்கும் கீறல் இல்லை. என் கையிலிருந்து ஒரு சாமானும் விழுந்து உடைந்ததில்லை. உதவி என்றும் சலுகை என்றும் ஒருவரிடமும் சும்மா ஒன்றும் வாங்கியதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவன் எனக்கு ஆறேழு வயது இளையவன். வந்த புதிதில் நாங்கள் இருவரும் ஒரே உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவினோம். நான் கிழமை முழுவதும், அவன் சனி ஞாயிறில் மட்டும். மற்ற நாட்களில் அவனை அவனுடைய மாமன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். எனக்கு அப்படி அனுப்புவதற்கு இங்கே ஒரு மாமனும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் அவனுடைய தோளையும் தொடையையும் கண்டு, தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மைதானத்தில் இறக்கிவிட்டார். சனிக்கிழமை காலையில் வீங்கிய முகத்தோடு வருவான். கோப்பைத் தட்டு அடுக்கிய வண்டியைத் தள்ளித் தள்ளி எனக்கு நடித்துக் காட்டுவான்.

"அண்ணை, நேற்று ஒருத்தனை அவன்ர ஆக்களுக்குள்ளயே கொண்டுபோய் விழுத்தினன்."

"காசு தந்தவங்களோ?"

"இல்லை."

"பேந்து ஏன் தள்ளினனீ?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா தள்ளிவிட்டு வருகிறவனுக்கு அவ்வளவு சிரிப்பு வரக் கூடாது.

பிறகு நான் என் வழி, அவன் தன் வழி. அவனை நான் மறுபடி கண்டது என் மகனின் பள்ளிக்கூட மைதானத்தில்.

புட்போல் என்றதும் காலால் உதைக்கிற ஆட்டத்தை நினைக்காதீர்கள். இது ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டு, இரு பக்கமும் கூரான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஓடுகிறவனுக்குத்தான் கைதட்டும் படமும் பெண்பிள்ளைகளின் கூச்சலும். அவனுக்கு முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள், எல்லாரும் மொத்தமான பிள்ளைகள். அவர்கள் பந்தைத் தொடுவதில்லை. எதிரே நிற்கிறவனை முட்டி, நிற்கிற இடத்தை விட்டுக் கிளப்பி, ஓடி வருகிறவனுக்கு ஒரு கதவு திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த ஐவரையும் 'லைன்' என்பார்கள். அணிக்கு ஒரு பெரிய கோச் இருந்தார், கெபெக்குவா ஆள், இந்த மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர். லைனுக்கு மட்டும் தனியாக ஒரு கோச். அதுதான் இவன்.

பகலில் நகர பஸ் ஓட்டுவான். பஸ் ஓட்டுகிறவனிடம் சொந்தக் கார் இல்லை. பின்னேரம் ரயிலில் எங்கள் பக்கத்து ரொக்ஸ்பரோ ஸ்டேசனுக்கு வந்து, ஒரு பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்து வருவான். அப்போது அந்தப் பக்கம் பழைய ரயில் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது இல்லை.

என் மகன் பிறந்ததிலிருந்தே பெரிய பிள்ளை. கலியாண வீடுகளில் ஆட்கள் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "தம்பி சோத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே" என்பார்கள். அவன் கதிரையின் நுனியில் உட்காரப் பழகியிருந்தான். இவன் முதல் நாளே மகனைச் சுற்றி ஒரு முறை நடந்தான். மாட்டுச் சந்தையில் நடக்கிற மாதிரி. பிறகு எங்களிடம் வந்தான்.

"அண்ணை, உங்கட மகன்ர பின்பக்கம் இருக்கே, உது தேடினாலும் கிடைக்காது."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகன் அன்று காரில் பின் சீட்டை நிரப்பி உட்கார்ந்து வந்தான். நான் பதினைந்து வருடம் சாப்பாடு போட்டு வளர்த்த உடம்பு. அதை நல்லது என்று சொன்ன பெயர் கோச்சுக்குப் போனது.

என் மகன் பந்தோடு ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசை. சொன்னால் என்ன, அவன் பெயரோடு சேர்ந்து என் பெயரும் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்பதும்தான். நேரே போய்க் கேட்டேன்.

"தம்பி, என்ர பெடியன் எப்ப பந்து கொண்டு ஓடுறது?"

"ஓடமாட்டான் அண்ணை."

"ஏன், கால் ஏலாதோ?"

"திறந்த கதவுக்குள்ளால ஆரும் ஓடலாம். திறக்கிறதுக்குத்தான் ஆள் வேணும்."

"அப்ப அவன்ர பேரை எப்ப ஒலிபெருக்கியில சொல்லுவாங்கள்?"

"பிழை விட்டாச் சொல்லுவாங்கள்."

பகிடி விட்டானா, உண்மையைச் சொன்னானா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவன் முகம் எப்போதும் கீழே குனிந்தே இருக்கும். கதைக்கும்போதும் என் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதுதான் அவன். கால்தான் அவனுக்கு எல்லாம். ஆட்டம் நடக்கும்போது ஓரக் கோட்டில் முழங்காலில் கை ஊன்றிக் குந்துவான். பந்து வானத்தில் பறந்தாலும் அவன் கண் அந்த ஐந்து சோடிக் கால்களை விட்டு எழும்பாது. சனம் எல்லாம் எழும்பிக் கத்தும், பெரிய கோச் தொப்பியை எறிந்து துள்ளுவார். இவன் அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்பான். "என்ன, போட்டமோ?" புள்ளி விழுந்ததைத்தான் கேட்கிறான். போட்டோம் என்றால், "ம்" என்பான். உடனே லைன் பிள்ளைகளில் ஒருவனைக் கூப்பிட்டு, "உன்ர ரெண்டாவது அடி ஏன் குறுக்கால போனது?" என்று தொடங்கிவிடுவான்.

வேலை முடிந்து வருகிற வழியில் லொறியை மைதானத்து ஓரமாக விட்டு, கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். மகனைப் பார்க்கப் போனேன் என்று மனைவிக்குச் சொல்வேன். பார்த்தது கோச்சைத்தான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே தன் இடுப்பு உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டுவான். பிள்ளைகள் அதற்குக் கீழால் குனிந்தபடி பாய வேண்டும். தலை கயிற்றில் பட்டால் திரும்பப் போய் நிற்க வேண்டும். முதல் அடி கோழி வைக்கிற அடி மாதிரிச் சின்னதாக இருக்க வேண்டும். எட்டி வைத்தால் ஒற்றைக் காலில் நிற்பாய், ஒற்றைக் காலில் நிற்கிறவனை என் பஸ்ஸில் ஏறுகிற கிழவியும் தள்ளுவாள் என்பான். கை எதிராளியின் நெஞ்சுக்குள் போக வேண்டும், வெளியே விரியக் கூடாது. முட்டிய பிறகு கால் நிற்கவே கூடாது, விசில் ஊதும் வரை குறுகுறுவென்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகவே அந்தக் கத்தல்.

"கால்! கால்! கால்!"

தமிழில்தான். ஹெயிட்டிப் பெடியன், கிரேக்கப் பெடியன், இரண்டு கெபெக்குவாப் பெடியன்கள், என் மகன், ஐந்து பேருக்கும் தமிழில்தான். வலம், இடம், தள்ளு, அமத்து, எல்லாம் தமிழ். ஏன் என்று கேட்டேன்.

"எதிர்ப்பக்கத்துக்கு இங்கிலிசும் விளங்கும், பிரெஞ்சும் விளங்கும். உதுதான் விளங்காது அண்ணை."

வீட்டில் "சாப்பிட்டியோ" என்றால் "உவே" என்று பிரெஞ்சில் முனகுகிற என் மகன், மைதானத்தின் நடுவில் நின்று, "இடம்! இடம்! ரெண்டு பேர்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவனை வருடக்கணக்காக ஏற்றி இறக்கினவன் நான். அங்கே வராத தமிழ் இங்கே வந்தது.

எனக்கு இன்னொன்றும் எரிந்தது. பதிந்து நில், முதுகை விடு, தொடையால் எழும்பு, சின்ன அடி வை. இதெல்லாம் என் தொழில். நான் சொன்னால் கரைச்சல், அவன் சொன்னால் வேதம். அந்த மைதானத்தில் ஒரு இரும்பு வண்டில் இருந்தது, சில்லு இல்லாதது, முன்னால் மெத்தை கட்டியது. அவன் அதன்மேல் ஏறி நிற்பான், பிள்ளைகள் அவனையும் சேர்த்து மண்ணைக் கிழித்துக்கொண்டு தள்ளுவார்கள். அதைக் கண்ட அன்று மகனை லொறியில் ஏற்றியதும் கேட்டேன்.

"டேய், ஒரு ஃபிரிட்ஜ் தூக்க வா எண்டா நாரி நோகுது எண்டாய். இஞ்ச அவனையும் ஏத்திக்கொண்டு இரும்பு தள்ளுறாய்?"

"அது வேற அப்பா."

"என்ன வேற? நான் சம்பளமும் தாறன்."

அவன் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "கோச் என்ர காலைப் பார்ப்பார். நீங்கள் ஃபிரிட்ஜைப் பார்ப்பீங்கள்."

நான் வானொலிச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

அவனுடைய வாய் மைதானத்தோடு நின்றதா என்றால், இல்லை. எங்கள் தமிழ்ப் பங்கின் மாதா திருநாள். சொரூபத்தைத் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றி வருவோம். முன் தண்டு எனக்குத்தான். சுமக்கிறதில் எனக்குச் சொல்லிக் கொடுக்க இந்த மொன்றியல் தீவில் ஆள் இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் கணக்கரும் டாக்டரும், ஆளுக்கொரு உயரம். மாதா ஆடிக்கொண்டே வந்தா. ஃபாதர் மைக்கில் "அருள் நிறைந்த மரியே" சொல்லி மூச்சு எடுக்கிற இடத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"கால்! வலக்கால் முதல்! சின்ன அடி!"

ஃபாதர் திரும்பிப் பார்த்தார். பெண்கள் முக்காட்டை இழுத்துச் சிரிப்பை மறைத்தார்கள். அவன் வாயில் கையை வைத்துக்கொண்டு, "மன்னியுங்கோ ஃபாதர், தன்ர பாட்டில வந்திட்டுது" என்றான். பொய் சொல்லவில்லை. குழம்பிய காலைக் கண்டால் அவன் வாய் மூடாது, அது அவனுடைய கையில் இல்லை. ஆனால் எல்லாருடைய வலக்காலும் ஒன்றாக விழுந்தது. மாதா நேரே வந்தா. கஞ்சி கொடுக்கிற இடத்தில் ஒரு மனுசி சொன்னதை என் காதால் கேட்டேன். "அந்தத் தம்பி வந்தபடியாத்தான் மாதா ஆடாமல் வந்தா." தோள் என்னுடையது!

என் சாரம் காணாமல் போன கதையும் உண்டு. இடுப்பில் கட்டுகிற நல்ல பற்றிக் சாரம், ஊரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது. இரண்டு கிழமை தேடினேன். கடைசியில் மைதானத்தில் கண்டேன். ஹெயிட்டிப் பெடியனும் என் மகனும் அந்த ஒரு சாரத்துக்குள் நின்றார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒருவனைத் தள்ளும்போது இடுப்போடு இடுப்பு ஒட்டியிருக்க வேண்டுமாம், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் எதிராளி அதற்குள்ளால் புகுந்துவிடுவானாம். அதற்காக இரண்டு பேரையும் ஒரு சாரத்துக்குள் விட்டு ஓடப் பழக்கினான். கிழியாமல் ஓடினால் சரி, கிழிந்தால் பிரிந்துவிட்டாய். என்னுடையது கிழிந்திருந்தது.

"இது ஆற்ற சாரம் தெரியுமோ?" என்றேன்.

"தெரியும் அண்ணை. நல்ல சாரம். கன நாள் தாங்கினது."

வியாழக்கிழமைகளில் ஐந்து பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தான். எங்கள் வீட்டுக்கும் முறை வந்தது. மனைவி இரண்டு நாளாகச் சமைத்தாள். ஐந்து பிள்ளைகளும் புட்டைக் குவித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டதைப் பார்க்க எனக்கும் சந்தோசம்தான். இவன் என் கதிரையில் உட்கார்ந்தான். போகட்டும், தெரியாது. மனைவி மீன் தலையை எடுத்து அவன் கோப்பையில் வைத்தாள். மீன் தலை எனக்கு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் அது பேசாத சட்டம்.

குசினிக்குள் போய் மனைவியிடம், "என்ன இது?" என்றேன்.

"அவர் பஸ் ஓடிக் களைச்சு வந்திருக்கிறார் அப்பா."

"நான் என்ன, பஸ்ஸில இருந்து வந்தனானோ?"

"மெல்லக் கதையுங்கோ. பிள்ளைக்குக் கேக்கும்."

பிள்ளைக்கு எங்கே கேட்டது? பிள்ளை, கோச் மீன் கண்ணை எப்படிச் சூப்புகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வருடம் மகன் கார் ஓடப் பழகியதும் இன்னும் மோசம். மூலைக்கடை டெபானருக்குப் போய் ஒரு பால் வாங்கி வா என்றால் அசையாதவன், கோச்சை ஏற்றிவர ரொக்ஸ்பரோ ஸ்டேசனுக்கு என் வாகனத்தைக் கொண்டு போவான். போவதற்கு முன் உள்ளே கூட்டித் துடைப்பான்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் பிள்ளைக்கு நானும் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக் கராஜில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் நின்றது. அதன் முன்னால் மகனை நிறுத்தினேன்.

"இஞ்ச பார். அணைச்சுப் பிடி. கை ரெண்டும் சுத்திப் போகவேணும். உன்ர நெஞ்சும் அதின்ர நெஞ்சும் ஒட்டவேணும். பிடிச்சா விடாத. பேந்து அது உன்ர சொல்லுக் கேக்கும்."

மகன் பிடித்துப் பார்த்தான். நன்றாகத்தான் பிடித்தான். என் பிடி அது.

அடுத்த ஆட்டம் கடைசி நேரம் வரை இழுபட்டது. பந்து கொண்டு ஓடினவன் என் மகன் பக்கத்தால் வெளியே வந்து எல்லை வரை போய் விழுந்தான். நாங்கள் எழும்பிக் கூத்தாடினோம். பார்த்தால் நடுவர் கொடியை எறிந்துவிட்டு நிற்கிறார். தள்ளலாமாம், கட்டிப் பிடிக்கக் கூடாதாம். போட்ட புள்ளி செல்லாது. ஒலிபெருக்கியில் என் மகனின் இலக்கத்தைச் சொன்னார்கள், பிறகு பெயரைச் சொன்னார்கள். நான் ஆசைப்பட்ட பெயர் கேட்டது.

மகன் ஓரக் கோட்டுக்கு வந்து நின்றான். இவன் திட்டவில்லை. "ஆர் உந்தப் பிடி சொல்லித் தந்தது?" என்று மட்டும் கேட்டான். மகன் தலையைத் தூக்கி, சனத்துக்குள் இருந்த என்னைப் பார்த்தான். இவனும் நிமிர்ந்தான். ஆட்டம் நடக்கும்போது அவன் கண் காலை விட்டு மேலே வந்ததை அன்றுதான் கண்டேன். பெரிய கோச் பாய்ந்து வந்தபோது இவன் முன்னால் போய், "நான் சொல்லிக் கொடுத்தது, என்னைப் பேசுங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னான். அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கும். என் பிடி அது, நன்றாக இருந்தாலும் கெட்டாலும். அதையும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டான்.

ஆட்டம் தோற்று முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"அண்ணை, ஃபிரிட்ஜ் திருப்பித் தள்ளாது. மனிசன் தள்ளுவான்."

"போடா. படியில ஒரு ஃபிரிட்ஜ் தள்ளுற மாதிரி உன்ர மனிசர் ஒருத்தரும் தள்ளமாட்டாங்கள். ஒரு நாள் வந்து பார்."

"வாறன் அண்ணை. கட்டாயம் வாறன்."

அவன் வரவில்லை. நாங்கள்தான் போனோம். மகன் பள்ளிக்கூடம் முடித்த கோடையில் கோச்சின் மனைவிக்கு ஒட்டாவாப் பக்கம் கத்தினோ நகரில் வேலை கிடைத்தது. யூலை முதலாம் திகதி வீடு மாற வேண்டும். இந்த மாகாணத்தில் பாதிச் சனம் வீடு மாறுவது அன்றைக்குத்தான், ஃபிரிட்ஜையும் அடுப்பையும் கட்டிக்கொண்டு. என் ஆட்கள் எல்லாரும் வேறு வேறு தெருக்களில் நின்றார்கள். அவன் தொலைபேசியில், "அண்ணை, உங்களுக்கு ஏலாட்டி நான் வேற ஆரையும் பாக்கிறன்" என்றான். வேறு யாரையுமா? நானே வருகிறேன் என்றேன். மகன் கூப்பிடாமலே வந்து லொறியில் ஏறினான். எத்தனை வருடம் கெஞ்சிக் கேட்டிருப்பேன். அவனுடைய வீடு என்றதும் வந்துவிட்டான்.

பார்க் எக்ஸ்டென்சன் பகுதியில் மேல்வீடு. வெளியே பாம்பு மாதிரி வளைந்த இரும்புப் படி. காலையில் மழை தூறியிருந்தது. சின்னச் சாமானெல்லாம் இறக்கி முடித்து ஃபிரிட்ஜுக்கு வந்தோம். பழைய காலத்து ஃபிரிட்ஜ், பிசாசுப் பாரம். கீழே நிற்கிறவன் பின்பக்கமாக இறங்க வேண்டும், பாரம் முழுக்க அவன் நெஞ்சில். மேலே நிற்கிறவன் ஃபிரிட்ஜில் கட்டிய பட்டியைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கீழே நான் நிற்கிறேன் என்றேன்.

"இல்லை அப்பா. நான் நிக்கிறன். பதிஞ்சு நிக்க எனக்குத் தெரியும்."

கோச் தெருவில் நின்றான். பழைய பழக்கத்தில் முழங்காலில் கை ஊன்றிக் குந்திவிட்டான். கண் என் மகனின் காலில்.

பாதிப் படி நன்றாகத்தான் போனது. வளைவில், படி ஒரு பக்கம் ஒடுங்குகிற இடத்தில், மகனின் இடக்கால் ஈரத்தில் சறுக்கியது. ஃபிரிட்ஜ் அவன்மேல் சாய்ந்தது. பட்டி என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு இழுபட்டது. நான் கைப்பிடிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஃபிரிட்ஜை அல்ல. அவன் காலை. இரண்டு காலும் குறுகுறுவென்று அடி வைக்கத் துடித்துக்கொண்டிருந்தன. முட்டினால் கால் நிற்கக் கூடாது என்று மூன்று வருடம் கோச் அவன் உடம்புக்குள் ஏற்றி வைத்த பாடம். மைதானத்தில் அது சரி. பின்னால் நிலம் இருக்கும். படியில் இன்னொரு அடி வைத்தால் பின்னால் ஒன்றுமில்லை. விழுந்தால் அவன் கீழே, ஃபிரிட்ஜ் அவன்மேல்.

அந்த நேரம் தெருவில் நின்றவனைக் கண்டேன். கத்துவதற்கு மூச்சு இழுத்து அவன் நெஞ்சு நிறைந்துவிட்டது, வாய் திறந்துவிட்டது. எத்தனை ஆட்டத்தில் பார்த்திருக்கிறேன், அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மாதா சொரூபத்துக்கு முன்னாலேயே அடக்க முடியாத வாய். "கால்!" என்ற அந்த ஒரு சொல் வெளியே வந்தால் என் பிள்ளையின் கால் தானாக ஓடும்.

அவன் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி வாய்க்குள் அடைத்துக் கடித்தான். இரண்டு கையாலும் பொத்தினான்.

நான் கத்தினேன். "நில்! காலை அசைக்காத! கட்டிப் பிடி!"

மகனின் கால் நின்றது. இரண்டு கையும் ஃபிரிட்ஜைச் சுற்றிப் போயின. கன்னத்தை அதன்மேல் வைத்து, கராஜில் நான் காட்டிய மாதிரியே, உயிரைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தான். நான் பட்டியைக் கையில் சுற்றி இழுத்துப் பாரத்தை என்மேல் எடுத்தேன்.

"இப்ப வலக்கால். ஒண்டு. நில். இடக்கால். நில்."

ஒவ்வொரு அடிக்கும் என் சொல்லைக் கேட்டு இறங்கினான். ஃபிரிட்ஜ் தெருவில் போய் நின்றது. ஒரு கீறல் இல்லை.

நான் இறங்கி வந்தபோது மகன் ஃபிரிட்ஜில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவன் முதலில் பார்த்தது என்னை அல்ல. கோச்சைத்தான் பார்த்தான். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல் வரும் என்று பார்த்தான். கோச் வாயிலிருந்த தொப்பியை எடுத்து உதறினான், நாடியால் என் பக்கம் காட்டினான். மகன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"ஃபிரிட்ஜ் திருப்பித் தள்ளும்தான் அண்ணை" என்றான் அவன்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றேன். எனக்கும் வேறு என்ன வரும்?

கத்தினோவில் சாமானை இறக்கிவிட்டு வந்தோம். அவன் மனைவி தேத்தண்ணீர் தந்தா. அதன் பிறகு அவனை நான் காணவில்லை. அங்கேயும் ஏதோ பள்ளிக்கூடத்தில் லைனுக்குக் கோச்சாகப் போகிறான் என்று கேள்வி. அங்குள்ள பிள்ளைகளும் 'கால்' என்று கத்துவார்கள், எனக்குச் சந்தேகமில்லை.

மகன் இப்போது என்னோடுதான். லொறிகளை எல்லாம் பார்ப்பது அவன்தான். கோயிலில் காண்கிறவர்கள், "அண்ணை, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள். பிள்ளை உங்கட சொல்லுத் தட்டமாட்டான்" என்கிறார்கள். ஓம் என்று தலையாட்டுகிறேன். அந்தப் படியில் என் சொல்லைத்தான் கேட்டான், அதில் பொய் இல்லை.

ஆனால் அவன் காதில் விழுந்தது என் சொல் மட்டும்தானே? கோச்சும் நானும் ஒன்றாகக் கத்தியிருந்தால் அந்தக் கால் யாருக்கு நின்றிருக்கும்? அதை நான் அறிவதற்கு இனி வழியில்லை. நான் போராடி எடுத்திருக்க வேண்டியதை அவன் ஒரு தொப்பியைக் கடித்து எனக்குத் தந்துவிட்டுப் போய்விட்டான். ஒருவரிடமும் சும்மா ஒன்றும் வாங்காதவன் நான். அவனிடம் என் பிள்ளையை வாங்கியிருக்கிறேன்.